பதினாலாம் நம்பர் சூப் பாவ்

ஜூலை 1, திங்கள்

நவநீதன் மறுபடியும் கூப்பிட்டுவிட்டான். மசாலாத்தூள் ஆலையில் எனக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவன். இன்றைக்குச் சிரம்பானில் ஒரு ஃபுட் கோர்ட்டுக்கே மேனேஜர். "அண்ணே, ஒங்க நாக்கு எனக்கு வேணும்" என்றான். இருபத்தெட்டு வருடம் அந்த ஆலையில் ருசி பார்க்கும் வேலை செய்தவன் நான். 'நாக்கு கோதண்டம்' என்றால் காஜாங் வரைக்கும் தெரியும். ஆளுக்குத்தான் ஓய்வு, நாக்குக்கு இல்லை என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பதினாலாம் நம்பர் கடையில் ஒரு சீனத்தி புதிதாகச் சூப் பாவ், அதாவது கறி அடைத்த மாவுருண்டை, போடுகிறாள். மூன்று வாரம் சோதனை. பத்தொன்பதாம் தேதி நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று நவநீதன் முடிவு செய்வான். நான் யாரென்று அவளுக்குத் தெரியக்கூடாது. மதியம் மூன்று மணிக்குப் போய் ஒரு தட்டு தின்றுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் இரண்டு வரி சொல்ல வேண்டும். ஆலையில் நான் போட்ட சட்டம் அது: நாக்கு மறப்பதற்குள் வாய் சொல்லிவிட வேண்டும்.

"தமிழ்லயே பேசுங்கண்ணே. சுத்தி எல்லாம் சீனக் கடை, ஒருத்தருக்கும் வெளங்காது" என்றான். கெட்டிக்காரன். நான் வளர்த்தவன் ஆயிற்றே.

சாயங்காலம் லோகா காப்பி கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். உள்ளே போய்விட்டாள். முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவளுக்குத் திடீரென்று என் முகத்தில் என்ன தெரிகிறதோ.

ஜூலை 2, செவ்வாய்

கடை வாசலில் பதினோரு பேர் வரிசை. அகலமான இரும்புச் சட்டி, கனத்த மரமூடி. மூடியைத் தூக்கினால் ஆவி மேலே போகிறது; பாவ் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மேலே எள், வெங்காயத்தாள். அடிப்பக்கம் செம்பழுப்பாக முறுகியிருக்கிறது. தட்டுக்கு நான்கு. தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரில் இஞ்சித் துருவல். அவள் வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி, முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். உதவிக்கு ஆள் கிடையாது. மலாயில் கேட்டேன், மலாயில் பதில் சொன்னாள். சிரிக்கவில்லை.

முதல் பாவை முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன். உள்ளே இருந்த சூப் கொதித்தபடி பீறிட்டுச் சட்டையெல்லாம் தெறித்தது. மேல்வாய் வெந்துபோயிற்று, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பக்கத்து மேசைக் கிழவர் சிரித்துவிட்டு, ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டு, சூப்பை உறிஞ்சி, பிறகு தின்று காட்டினார்.

சரி. ஆனால் நாலு பக்கமும் மூடிய மாவுக்குள் சூப் எப்படிப் போயிற்று? ஊசி போட்டு ஏற்றுகிறாளா? யாரையாவது கேட்காமல் விடுவதாக இல்லை.

போனில் நவநீதனிடம் சொன்னேன்: "அடி மொறுமொறுன்னு இருக்கு. மேல மெத்துன்னு இருக்கு. சூப்பு தாராளம். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை பத்தல." ஒரு குறையாவது சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற நாக்கை எவனும் நம்பமாட்டான். தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

நான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மூடியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள்?

பிப்ரவரி காய்ச்சலில் பிடித்த சளி இன்னும் முழுசாக விடவில்லை.

ஜூலை 3, புதன்

சட்டைக் கறை போகவில்லை. லோகா சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே "இது என்னா கறை, இப்படி நாறுது" என்றாள். நான் மோந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்றேன்.

ஜூலை 4, வியாழன்

ஒன்பது பேர். பக்கத்து மேசையில் ஆபீஸ் பெண் ஒருத்தி ஒரு பாவ் தின்றாள், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். வெயில் அப்படி.

நான்கையும் தின்று முடித்தேன். தட்டில் மிச்சம் வைக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. இன்றைய குறை: இஞ்சி தூக்கல். கறிக்குள் மஞ்சளாக நார் நாராகத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன். கண்ணும் நாக்கின் கூட்டாளிதான்.

வீட்டில் லோகா சாம்பார் கரண்டியை நீட்டி, உப்பு பாருங்க என்றாள். நீயே பார், எனக்கு வேலை இருக்கிறது என்று கூடத்துக்கு வந்துவிட்டேன். வேலை ஒன்றுமில்லை. அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

கூட்டம் ஓய்ந்ததும் அவள் பின்னால் திரும்பி உட்கார்ந்து ஒரு டின்னைத் திறந்து சாப்பிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மீஹூன் நூடுல்ஸ், இரண்டு துண்டு சோயா தௌஃபூ, கொஞ்சம் கீரை. சட்டியில் ஆறேழு பாவ் கிடக்கின்றன, அதில் ஒன்றைத் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த வாரம் முழுக்க அவள் வாயில் ஒரு பாவ் போய் நான் பார்த்ததில்லை. சுவை பார்ப்பதற்குக்கூட விரலை நக்கவில்லை.

தான் விற்பதைத் தானே தின்னாதவள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அந்தக் கறியில் என்ன கலக்கிறாளோ. நவநீதனிடம் இதையும் சொன்னேன். "பாத்துக்கலாம்ணே" என்றான். அவனுக்கு இன்னும் உலகம் தெரியவில்லை.

இஞ்சி இன்று கண்ணிலேயே படவில்லை. அதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

ஏழு பேர்.

இரண்டரைக்கே போய்விட்டேன். அவள் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதில் பழுப்பாக ஏதோ ஒன்று கடல்பாசி ஜெல்லி போல ஆடிக்கொண்டிருந்தது. கத்தியால் பொடியாகக் கொத்திக் கறியில் போட்டுப் பிசைந்தாள். சூப்பின் ரகசியம் அதுதான். பிளாஸ்டிக்கா, ரசாயனமா? மலாயில் கேட்டேன். பன்றித் தோலை ஆறு மணி நேரம் அவித்து, ஆறவிட்டு, உறையவைத்தது என்றாள். சூடு பட்டால் உருகிச் சூப்பாகிவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இன்றைய குறை: சூப்பில் இனிப்பு போதவில்லை, அரைக் கரண்டி சீனி வேண்டும்.

ஜூலை 10, புதன்

ஐந்து பேர். அதில் மூன்று பேர் பாதியில் எழுந்து போனார்கள். தட்டு பொறுக்கும் பெண் மிச்சத்தை எல்லாம் வாளியில் கொட்டினாள். எதிரே பதினோராம் நம்பர் கோழிச்சோற்றுக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். அவன் ஏதோ கதை கட்டிவிட்டிருக்கிறான் என்பது என் சந்தேகம். புதுக்கடை வந்தால் பழைய கடைக்குப் பொறுக்குமா?

கறி இன்று கறுப்பாக இருந்தது. உறிஞ்சினால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தினம் ஒரு விதமாகச் செய்கிறாள். கை நிலையாக இல்லை. நவநீதனிடம் அதைச் சொல்லிவிட்டு, எள்ளெண்ணெய் போதவில்லை என்றும் சொன்னேன்.

ஜூலை 11, வியாழன்

லோகா கோயிலுக்குப் போயிருந்தாள். அடுப்பில் பருப்பு கருகிப் பக்கத்து வீட்டு மாரியம்மா வந்து கதவைத் தட்டும்வரை நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கப் புகை. "அண்ணே, வாசல் வரைக்கும் அடிக்குது, ஒங்களுக்குத் தெரியலயா" என்றாள். பேப்பரில் செய்தி அவ்வளவு சுவாரசியம் என்றேன்.

லோகாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன். சட்டியை நானே தேய்த்து வைத்தேன். எப்படியும் சொல்லிவிடுவாள், அவள் வாய் எனக்குத் தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

இன்று விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். தட்டில் நான்குக்குப் பதில் ஐந்து பாவ், அடியில் எண்ணெய் மிதக்கிறது. தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தாள். மற்ற யாருக்கும் இந்த உபசாரம் இல்லை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என்னை அடையாளம் கண்டுகொண்டாளோ? அங்கேயே நவநீதனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "கவனிப்பு பலமா இருக்கு. ஒரு பாவ் கூட வெக்கிறா. லஞ்சம் குடுக்குறா போல." அவன் சிரித்தான். "ஒங்க மூஞ்சப் பாத்தா பெரிய மனுசன்னு தெரியும்ல, அதான்" என்றான். ஐந்தாவதையும் தின்றுவிட்டுத்தான் வந்தேன். வைத்ததை விட்டு வருவது மரியாதை இல்லை.

ஜூலை 13, சனி

நான்கு பாவ். நாற்காலி இல்லை, தண்ணீர் இல்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காது மடல் சிவந்திருந்தது.

நேற்று நான் போனில் சொன்னது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 14, ஞாயிறு

இரண்டு வாரத்துக் குறிப்பையும் திரும்பப் படித்தேன். உப்பு என்றேன், மறுமுறை போனபோது அந்த ஆபீஸ் பெண் தண்ணீராகக் குடித்தாள். இஞ்சி என்றேன், இஞ்சி காணாமல் போனது. எள்ளெண்ணெய் என்றேன், வெள்ளிக்கிழமை தட்டில் எண்ணெய் மிதந்தது. நான் சொல்வது ஒன்று விடாமல் அவளுக்குப் போய்ச் சேர்கிறது.

நான் பேசுவது ஒருவனிடம் மட்டும்தான். நவநீதன். கூட்டுக்களவாணி. அவளுக்குக் கடையைக் கொடுப்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டு, ஊருக்குக் காட்ட என் நாக்கை வைத்துக்கொண்டிருக்கிறான். சோறு போட்டு வளர்த்த கையைக் கடிக்கிறான்.

பிடிக்காமல் விடமாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

பொறி வைத்தாகிவிட்டது. போனில் சொன்னேன்: "வினிகர்ல இஞ்சி சரிப்படல. பச்சப் பூண்டு நசுக்கிப் போடணும். அப்பதான் எடுபடும்." அப்படி எந்தச் சீனனும் சூப் பாவுக்குச் செய்து நான் பார்த்ததில்லை. நாளைக்குப் பூண்டு இருந்தால் நவநீதன் அகப்பட்டான்.

மூன்று பேர்தான் இன்று.

ஜூலை 16, செவ்வாய்

வினிகர்க் கிண்ணத்தில் பூண்டு. நசுக்கிய பச்சைப் பூண்டு, குவியலாக.

பாவைத் தொடவில்லை. நவநீதனுக்குப் போன் போட்டேன். "எங்கிட்டயே வெளயாடுறியாடா? நான் சொல்றத அந்தச் சீனத்திகிட்டப் போய் ஓதுறியா? இருபத்தெட்டு வருசம் ஒருத்தன் என்னைய ஒரு சொல் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தேன். அவன் "அண்ணே, அண்ணே" என்று கத்துகிறான். நான் விடவில்லை.

மேசைப் பக்கம் நிழல் விழுந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"அவர ஏசாதீங்க அண்ணே. அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க பேசுறது எனக்கே வெளங்கும்."

தமிழ். சுத்தமான தோட்டத்துத் தமிழ். போனை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "எங்கப்பா ரப்பர் பால்மரத் தோட்டத்துல மளிகைக் கடை வெச்சிருந்தாரு. பதினெட்டு வயசு வரைக்கும் நான் தமிழ் ஜனங்களோடதான். பேரு யோக் லான். அங்க லானம்மான்னு கூப்புடுவாங்க" என்றாள்.

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க போன்ல பேசுனத கேட்டுட்டேன். ஒங்க நாக்கு பெரிய நாக்குன்னு வெளங்கிச்சு. சொன்னா நீங்க உண்மைய பேச மாட்டீங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான். ஆனா எனக்கு வேற வழி இல்ல."

பிறகு சொன்னாள். பாவ் அவள் புருஷனுடைய கைவேலை. அவனுக்கு நோய் முற்றியபோது குவான் யின் சாமிக்கு வாக்குக் கொடுத்தாளாம், மூன்று வருடம் சைவம் என்று. போன நவம்பரில் அவன் இறந்துபோனான். "அவரு போயிட்டாருன்னு வாக்க விட முடியுமா? வாக்கு வாக்குதான்." அளவெல்லாம் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துச் செய்கிறாள், ஆனால் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை. வந்து தின்பவர்கள் சொல்லமாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

"அப்பதான் நீங்க வந்தீங்க. மொத நாளே உப்பு பத்தலன்னீங்க. சாமியே ஆள் அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா மாத்துனேன். ஆனா ஆளு கொறஞ்சுகிட்டே போகுது, ஏன்னு தெரியல. எல்லாத் தட்டும் பாதி மிச்சம் வருது. ஒங்க தட்டு ஒண்ணுதான் தொடச்ச மாதிரி வருது. அத நம்பித்தான் இன்னும் நிக்கிறேன். இந்தக் கடையும் போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு தெரியாது." என் தட்டைப் பார்த்தாள். "இன்னைக்கு நீங்களும் தொடல. நேராவே சொல்லுங்க அண்ணே, என்ன கொறை?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஓடி வந்துவிட்டேன் என்றே எழுதலாம்.

ஜூலை 17, புதன்

போகவில்லை.

ஒட்டுக்கேட்டது அவள் குற்றம். யார் அவளை மாற்றச் சொன்னது? எழுதி வைத்த அளவை விட்டுவிட்டு, போனில் எவனோ பேசுவதைக் கேட்டுச் சமைப்பாளா ஒருத்தி? ஆலையில் அப்படி எவனாவது செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தேன்.

லோகா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். "எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

"அதுல சீனி இல்ல. உப்பு போட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "இதோட நாலு தடவ ஆச்சு. நாலு தடவையும் நல்லாருக்குன்னுதான் சொன்னீங்க. மாரியம்மா பருப்பு கருகுனதையும் சொல்லிட்டா."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"மார்ச்சுலேருந்து."

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஒடைஞ்சு போயிருவீங்கன்னு பயந்துட்டேன். நாக்கு நாக்குன்னே வாழ்ந்த மனுசன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அறுபத்துநாலு வயதில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

எழுதிவிடுகிறேன். எனக்கு ருசி தெரியவில்லை. வாசனையும் இல்லை. பிப்ரவரி காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் வெந்நீராக இருந்தது. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று டாக்டரிடம்கூடப் போகவில்லை. அவர் வாயால் கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அந்தச் சூப் பாவில் நான் அறிந்தது சூடும் மொறுமொறுப்பும்தான். மற்றதெல்லாம் வாயில் வந்தது.

லோகாவிடம் அந்தச் சீனப் பெண் கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

பதினோரு மணிக்குப் போனோம். யோக் லான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். லோகாவைப் பார்த்ததும் "வாங்க அக்கா" என்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் எனக்கு வரவில்லை. "எனக்கு ருசி தெரியாதும்மா. அஞ்சு மாசமா நாக்கு செத்துக் கெடக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. "அப்ப உப்பு பத்தலன்னது?" என்றாள்.

"வாயில வந்தது."

"இஞ்சி?"

"கண்ணால பாத்துச் சொன்னேன்."

"சீனி? எள்ளெண்ணெய்?"

"அதுவும் வாயில வந்ததுதான்."

"பூண்டு?"

"அது நவநீதனப் பிடிக்கறதுக்கு வெச்ச பொறி."

துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். "ரெண்டு வாரம் அண்ணே" என்றாள். "என் வீட்டுக்காரரு பேரச் சொல்லிக் கண்டதயும் வித்திருக்கேன். ஒங்க தட்டு காலியா வந்துச்சே. தெனமும் காலியா வந்துச்சே. அதப் பாத்துப் பாத்துத்தான..." அதற்குமேல் தமிழில் இல்லை. சீனத்தில் நிறையப் பேசினாள். திட்டுகிறாள் என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் நான் நின்றதில்லை.

லோகாதான் நடுவில் புகுந்தாள். "இப்ப இருக்கறதுல ஒண்ணு குடும்மா, நான் பாக்குறேன்" என்றாள். தோட்டத்தில் காட்டுப்பன்றி தின்று வளர்ந்தவள், அவளுக்கு விலக்கு ஒன்றும் இல்லை. நேற்றைய கறியில் ஒரு பாவ் சுட்டுக் கொடுத்தாள் யோக் லான். லோகா ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். டிஷ்யூ எடுத்துத் துப்பினாள்.

"வாயில வெக்க முடியல" என்றாள். "உப்புக் கரிக்குது, சீனி தெகட்டுது, எண்ணெ தொண்டையில நிக்குது. இதையா தெனம் நாலு தின்னீங்க?"

ஐந்து தின்ற நாளும் உண்டு. சொல்லவில்லை.

யோக் லான் சட்டிக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துவந்தாள். சீன எழுத்து, பக்கத்தில் கரண்டிக் கணக்கு. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, தாளைப் பார்த்தேன். நேற்றைய கறியை முழுசாகக் குப்பையில் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியில் உறைந்து தயாராக இருந்த சூப்பைக் கொத்திப் போட்டுப் புதுசாகப் பிசைந்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. லோகா வெங்காயத்தாள் நறுக்கிக் கொடுத்தாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான்கு பாவ் வந்தது. லோகா ஓரத்தில் கடித்து, உறிஞ்சி, மென்றாள். இன்னொரு கடி. பிறகு இரண்டாவதை எடுத்தாள். அவள் சொல்லட்டும் என்று நாங்கள் இருவரும் நின்றோம்.

"கறி இனிக்குது, சீனியால இல்ல, கறியே இனிக்குது" என்றாள். "இஞ்சி கடைசியில தொண்டையில லேசா ஏறுது. சூப்பு குடிச்சா ஒடம்புக்கு நல்லது மாதிரி இருக்கு. ஒரு கொறையும் இல்ல."

"ஒரு குறையாவது சொல்லணும் லோகா" என்று வாய் தன்னால் திறந்தது. லோகா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

யோக் லான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேண்டாம் என்றேன். "சாப்புடுங்க. காலி பண்ணத்தான் ஒங்களுக்குத் தெரியுமே" என்றாள். கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

ஜூலை 19, வெள்ளி

அறிக்கையை நவநீதன் அலுவலறையில் நேரில் கொடுத்தேன். நகல் இது:

"பதினாலாம் நம்பர் கடை. நடத்துபவர் திருமதி யோக் லான். ஜூலை 2 முதல் 15 வரை நான் போனில் சொன்ன சுவைக் குறிப்புகள் அனைத்தும் பொய். பிப்ரவரி முதல் எனக்கு ருசியும் வாசனையும் தெரியவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் அளவை மாற்றியதால்தான் கூட்டம் குறைந்தது. பழைய அளவில் செய்த பாவை என் மனைவி லோகநாயகி தின்று பார்த்தார். குறை இல்லை என்கிறார். அவருக்கு முதலிலிருந்து மறுபடியும் மூன்று வாரம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். அ. கோதண்டபாணி."

நவநீதன் இரண்டு முறை படித்தான். செவ்வாய்க்கிழமை நான் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்கண்ணே என்றான். யோக் லானுக்கு இன்னொரு முழு மாதம் கொடுப்பதாகச் சொன்னான்; அப்போதே கையெழுத்தும் போட்டான். என்னை டாக்டரிடம் போகச் சொன்னான். திங்கட்கிழமை லோகா கூட்டிப் போகிறாள் என்றேன். மனசு லேசாகிவிட்டது. எழுந்தேன்.

"அண்ணே" என்றான். காகிதத்தை இன்னும் கையில் வைத்திருந்தான். "பிப்ரவரிலேருந்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஏப்ரல்ல ஒன்பதாம் நம்பர் மீ நூடுல்ஸ் கடைக்கு எழுதிக் குடுத்தீங்களே. வயசானவரு. 'சூப்பில் உயிர் இல்லை'ன்னு ஒரே வரி. அத வெச்சுத்தான் நான் அவர காலி பண்ணச் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தான். "அதுவும் இப்படித்தானா?"

இந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்திருந்தேன். இதை எழுதவில்லை. இதை நினைக்கக்கூட இல்லை.

"ஆமாம்" என்றேன்.

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். நவநீதனுக்கு நினைவில்லை. கோப்பைப் புரட்டினான், காலி செய்து போன கடைகளின் காகிதங்களை மே மாதத்தில் கழித்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதம் முழுக்க ஒன்பதாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்றே எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலையில் போய்க் கடை கடையாகக் கேட்க வேண்டும், அவர் பெயர் யாருக்காவது தெரியுமா என்று.